எத்தனை நாளா வலிக்குது?

ஜனவரி 4

வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கான ஆங்கிலத் தேர்வு வகுப்பில் இன்றும் மாட்டிக்கொண்டேன். "டஸ் இட் ஹர்ட்ஸ்" என்று கேட்டுவிட்டேன். வாக்கியத்துக்கு ஒரு 'எஸ்'தானாம். டஸ் வந்ததும் அது வினைச்சொல்லிலிருந்து கழன்று அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். டிட் வந்தாலும் இதே கதை: "டிட் யூ டேக் த டேப்லெட்", டுக் கிடையாது. நமக்கு வலிக்குது, வலிக்குதா. ஒரு ஆ போட்டால் வேலை முடிந்தது. அவர்கள் ஒவ்வொரு கேள்விக்கும் வாசலில் ஒரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள்.

ஜனவரி 5

நைட் டூட்டி. தூக்கம்.

ஜனவரி 8

"ஹவ் லாங் ஆர் யூ ஹேவிங் திஸ் பெயின்?" தப்பு. எட்டு வருஷமாக வார்டில் தினமும் கேட்கிற கேள்வி இது. எத்தனை நாளா வலிக்குது? தமிழில் நிகழ்காலமே போதும். 'நாளா' மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் வலி அன்று தொடங்கி இன்றுவரை நீள்வதை வினையே சொல்ல வேண்டும். "ஹவ் லாங் ஹேவ் யூ ஹேட்." ஹேவும் ஹேட்டும் ஒரே மூச்சில் வாய்க்கு வரவில்லை. பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். கண்டக்டர் ஒரு மாதிரி பார்த்தார்.

"ஹவ் லாங் ஆர் யூ ஹியர்" என்று கேட்டால் எப்போது கிளம்புவாய் என்று ஆகிவிடுமாம். வந்து எத்தனை நாளாச்சு என்பதற்கு "ஹேவ் யூ பின்".

ஜனவரி 10

அம்மாவை நோயாளியாக உட்காரவைத்தேன். தேர்வில் இப்படித்தான்: நோயாளியின் நிலைமை எழுதிய அட்டையைப் படிக்க 3 நிமிடம், பேச 5 நிமிடம், மொத்தம் இரண்டு அட்டை. முட்டுவலி என்று சொல்லச் சொல்லியிருந்தேன். "ஹவ் லாங் ஹேவ் யூ ஹேட் திஸ் பெயின்?" தடுக்காமல் வந்துவிட்டது! அம்மா முழித்தாள். தமிழில் கேட்டேன்.

"தீவாளிக்கு முன்னாலருந்து."

அவள் கை முழங்காலில் இல்லை. வலது விலாவுக்குக் கீழே இருந்தது.

"நீதானே நடிக்கச் சொன்ன" என்றாள் அப்புறம்.

ஜனவரி 11

நடிக்கவில்லை.

ஜனவரி 13

காலையில் முற்றம் ஈரம். ராத்திரி மழை பெஞ்சிருக்கு. இதையே "இட் ஹேஸ் ரெயின்ட் லாஸ்ட் நைட்" என்று எழுதி அனுப்பினேன். மிஸ் சிவப்பில் அடித்துவிட்டார். நேற்று, போன வாரம் என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் ஹேஸ் கூடாது, வெறும் "ரெயின்ட்". ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நம்முடைய 'இருக்கு' வேறு ரகம். நான் பார்க்கவில்லை, ஈரத்தை வைத்துச் சொல்கிறேன் என்பதும் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. மிஸ்ஸிடம் வாதாடினேன். "எக்ஸாமினர்கிட்ட போய்ச் சொல்லு" என்றார்.

கடுகு டப்பாவுக்குப் பின்னால் வலி மாத்திரை அட்டை. பத்தில் ஆறு காலி. போட்டிருக்கிறாள்.

ஜனவரி 15

பொங்கல். இரண்டு வடை சாப்பிட்டாள். மூன்று மணிக்குச் சுருண்டு படுத்துவிட்டாள், வலி தோள்பட்டை வரைக்கும். எண்ணெய்ப் பலகாரத்துக்கு அப்புறம் வருகிறது, வலது தோளுக்கு ஏறுகிறது. பித்தப்பைக் கல் என்றுதான் தோன்றுகிறது. அல்சராகவும் இருக்கலாம். வார்டாக இருந்தால் உடனே டாக்டரைக் கூப்பிட்டிருப்பேன். வீட்டில் இஞ்சிக் கஷாயம் போட்டுக் கொடுத்தேன். வெட்கக்கேடு.

ஏம்மா சொல்லல என்றேன்.

"நீ எங்கடி கேட்ட?"

ஜனவரி 17

பேச்சுத் தேர்வில் 350 மதிப்பெண் வேண்டும். போன தடவை 330.

ஜனவரி 19

மரியாதையாகக் கேட்டால் கேள்வியின் வரிசையே மாறிவிடுகிறது. "குட் யூ டெல் மி வேர் இட் ஹர்ட்ஸ்." டஸ்ஸைக் காணோம், அது பிடுங்கிக்கொண்ட எஸ் திரும்ப வினைக்கே வந்துவிட்டது. இன்று முழுக்க இதுவே ஓடியது. குட் யூ டெல் மி வேர் இட் ஹர்ட்ஸ். குட் யூ டெல் மி வென் இட் ஸ்டார்ட்டட். காய்கறிக்காரரிடம்கூட ஒன்று கேட்டிருப்பேன்.

ஸ்கேனுக்கு அம்மா வரமாட்டேன் என்கிறாள். 24ஆம் தேதி உன் பரீட்சை முடியட்டும் என்கிறாள். கத்திவிட்டேன். பக்கத்து வீட்டு விளக்கு எரிந்தது.

அப்புறம் இருட்டில் படுத்துக்கொண்டே, "போனா எத்தனை வருஷம்டி இருப்ப?" என்றாள். தூங்கியது மாதிரி இருந்துவிட்டேன்.

ஜனவரி 20

ஒத்துக்கொண்டாள். நாளைக் காலை 8 மணி, வெறும் வயிற்றில். டூட்டியில் இருக்கிற அக்கா டோக்கன் போட்டுவைக்கிறேன் என்றிருக்கிறார்.

வெறும் வயிறு என்று இரண்டு தடவை சொல்லியாயிற்று. அம்மா இட்லிக்கு மாவு ஆட்டிக்கொண்டிருக்கிறாள்.