ஊசி தெரிகிறதா?

தண்டுவடத்தில் அடிபட்டு வருபவரின் வீட்டுக்காரர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "மேடம், அவுகளுக்குக் கால் எப்பம் அசையும்?" திருநெல்வேலிப் பக்கம் பிசியோதெரபிஸ்டாக இருக்கும் எனக்கு அந்தக் கேள்வியின் அவசரம் புரியாமல் இல்லை. பனையிலிருந்து விழுந்தவர், கிணற்றில் தவறியவர், பைக்கில் போய் மோதியவர் என்று வருபவர்களில் பலர் அந்த வீட்டின் ஒற்றைச் சம்பாத்தியம். ஆனாலும் நான் காலை அசைக்கச் சொல்வதற்கு முன்னால் அவரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் பஞ்சையும் ஊசியையும்தான் எடுக்கிறேன். பக்கத்தில் நிற்கும் மனைவிக்கோ அம்மாவுக்கோ அது நேரத்தை வீணடிப்பதாகத் தெரியும். ஏன் அப்படிச் செய்கிறேன் என்று நின்று விளக்க வார்டில் நேரம் கிடைப்பதில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

தண்டுவடம் ஒரு சுண்டுவிரல் பருமன்தான். பெரியவர்களுக்கு ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் நீளம். முதுகெலும்பின் அடிவரைக்கும் அது வருவதில்லை, முதல் இடுப்பு முள்ளெலும்பின் பக்கமே முடிந்துவிடுகிறது. மரத்திலிருந்து விழுபவர்களுக்கு அடிக்கடி நொறுங்குவதும் அந்த இடம்தான், டி12 (கடைசி மார்பு முள்ளெலும்பு) அல்லது எல்1 (முதல் இடுப்பு முள்ளெலும்பு). அவ்வளவு மெல்லிய வடத்துக்குள் வலிக்கு ஒரு வழி, கால் எங்கே எப்படி இருக்கிறது என்ற தகவலுக்கு ஒரு வழி, மூளையின் கட்டளை இறங்கி வர இன்னொரு வழி என்று தனித்தனியாக ஓடுகின்றன. இன்னும் சில உண்டு. எனக்குத் தினமும் வேலை இந்த மூன்றோடுதான்.

வலியும் சூடும் குளிரும் போகிற நரம்பிழைகள் தண்டுவடத்துக்குள் நுழைந்ததும், ஓரிரு மட்டம் ஏறுவதற்குள் எதிர்ப்பக்கத்துக்குத் தாண்டிவிடுகின்றன. அங்கிருந்து வடத்தின் முன்பக்கவாட்டில் ஏறி மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் என்ற பகுதிக்குப் போகின்றன. மென்மையான தொடுகை, அதிர்வு, மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்ற உணர்வு இவையெல்லாம் தண்டுவடத்தின் பின்பக்கத் தூண்கள் வழியாக அதே பக்கத்திலேயே நேராக ஏறி, மூளையின் அடியில் தண்டுவடத்தோடு சேரும் முகுளத்துக்குப் போன பிறகுதான் பக்கம் மாறுகின்றன. கட்டளை வழி மேலிருந்து கீழே. மூளையின் மேற்பரப்பில் தொடங்கி முகுளத்துக்கு வந்ததும் பத்தில் ஒன்பது பங்கு இழைகள் எதிர்ப்பக்கம் தாண்டி, அதற்குப் பிறகு அந்தப் பக்கத்திலேயே கால்வரை இறங்குகின்றன. மூளையின் இடப்பக்கத்தில் பக்கவாதம் வந்தால் வலது கையும் காலும் இழுத்துக்கொள்வது அதனால்தான்.

கல்லூரியில் இதை நான் கலர் பென்சிலில் கோடு போட்டு மனப்பாடம் செய்தேன். அது உடம்பில் எப்படி இருக்கும் என்று காட்டியது முதுகில் அரிவாள் வெட்டுப்பட்டு வந்த ஓர் அண்ணன். வெட்டு தண்டுவடத்தின் வலப்பாதியில் மட்டும் இறங்கியிருந்தது. வலது காலைத் தூக்க முடியவில்லை. இடது கால் நன்றாக வேலை செய்தது. ஊசியால் தொட்டதும் அவரே குழம்பிப்போய்ச் சொன்னார்: "நடக்க முடியாத காலுல குத்துனா சுள்ளுன்னு வலிக்கு. நல்லா இருக்க காலுல குத்துனா ஒண்ணுமே தெரியல மேடம்." அவர் மனைவிக்கு அவர் பயத்தில் உளறுகிறார் என்று கவலை. உண்மையில் பாடப்புத்தகத்தில் இருப்பதை ஒரு வரி பிசகாமல் சொல்லிக்கொண்டிருந்தார். கட்டளை வழி முகுளத்திலேயே பக்கம் மாறி வந்துவிட்டதால் வெட்டுப்பட்ட பக்கத்துக் கால் விழுந்தது. இடது காலின் வலி வழி கீழேயே தாண்டி வலப்பக்கம் வந்திருந்ததால் அதுவும் அறுந்தது. தட்டினால் அதிரும் இசைக்கவையைத் தட்டிக் கணுக்கால் எலும்பில் வைத்தபோது வலது காலில் அதிர்வு தெரியவில்லை, இடது காலில் தெரிந்தது. மொரீஷியஸில் பிறந்த பிரௌன்-செகார் என்ற மருத்துவர் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே இதை விளக்கிவிட்டார், அவர் பெயர்தான் இந்த நிலைக்கு இன்றும் இருக்கிறது. தண்டுவடக் காயங்களில் நன்றாகத் தேறி வருவது இந்த வகை. பெரும்பாலோர் திரும்ப நடக்கிறார்கள். அந்த அண்ணனும் கோலூன்றித்தான் வீட்டுக்குப் போனார்.

சரி, ஊசிக்கு வருகிறேன். முறையான பரிசோதனையில் உடம்பின் ஒவ்வொரு பக்கத்திலும் 28 இடங்களைத் தொடுகிறோம். ஒவ்வொன்றும் தண்டுவடத்தின் ஒரு மட்டம்; சி கழுத்து, டி மார்பு, எல் இடுப்பு, எஸ் அதற்கும் கீழே. கையின் கட்டைவிரல் சி6, மார்புக்காம்பு மட்டம் டி4, தொப்புள் டி10, குதிகாலின் வெளிப்பக்கம் எஸ்1. பஞ்சால் ஒரு சுற்று, ஊசியால் ஒரு சுற்று, மொத்தம் 112 தொடுகைகள். ஒவ்வொன்றையும் கன்னத்தில் தொட்டதோடு ஒப்பிட்டுச் சொல்லச் சொல்கிறோம். கூர்முனை எது, மழுங்கின பக்கம் எது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். கடைசியாகத் தொடும் இடம் ஆசனவாயைச் சுற்றியுள்ள தோல். அங்கேதான் குடும்பத்தார் முகம் சுளிப்பார்கள். எனக்கு 112இல் மிக முக்கியமானது அதுதான். தண்டுவடத்தின் கடைசி மட்டங்கள் அந்தத் தோலைப் பார்த்துக்கொள்கின்றன. அங்கே தொட்டால் தெரிகிறது, அல்லது உள்ளே விரல் வைத்து அழுத்தும்போது தெரிகிறது என்றால், அடிபட்ட இடத்தைத் தாண்டி ஏதோ ஒரு வழி இன்னும் திறந்திருக்கிறது. காயம் முழுமையானது, அதாவது எந்த வழியும் மிஞ்சவில்லை, என்று எழுதக் கூடாது.

கால் துளியும் அசையாமல் இருந்தாலும், ஊசியின் கூர்மை அவருக்குத் தெரிந்தால் எனக்கு மனசு நிமிர்ந்துவிடும். பஞ்சு மட்டும் தெரிவதைவிட ஊசி தெரிபவர்களுக்குத்தான் பிறகு தசை வேலை திரும்பும் வாய்ப்பு அதிகம். வலி ஏறும் வழியும் கட்டளை இறங்கும் வழியும் தண்டுவடத்துக்குள் அருகருகே ஓடுகின்றன. ஒன்று தப்பியிருந்தால் பக்கத்தில் இருப்பதும் தப்பியிருக்கலாம். கால் கட்டைவிரல் அசைகிறதா என்று எல்லோரும் போர்வையை விலக்கி விலக்கிப் பார்க்கும் நாட்களில் நான் ஊசியில் தேடுவது இதைத்தான்.

இதற்கு எதிர்மாறாகவும் நடக்கும், அதைச் சொல்வது எனக்கு ரொம்பக் கஷ்டம். மார்பு மட்டத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் சில வாரங்கள் கால்கள் துவண்டு கிடக்கும். அப்புறம் ஒரு நாள் போர்வையை இழுக்கும்போது கால் வெட்டி மேலே வரும். வீட்டில் அன்றைக்குத் திருவிழாதான், ஊருக்கெல்லாம் போன் போகும். ஆனால் அந்த அசைவில் மூளைக்குப் பங்கு கிடையாது. தோலில் பட்ட சேதி காயத்துக்குக் கீழேயுள்ள தண்டுவடத்துக்குப் போய், அங்கேயே திரும்பித் தசைக்கு வந்துவிடுகிறது. மேலிருந்து அடக்கும் கட்டளை வராததால் அது அளவுக்கு மீறி நடக்கிறது. "நீங்களா அசைக்கணும்னு நினைச்சு அசைங்க" என்று கேட்டால் அசையாது. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் அவர்கள் கடன் வாங்கி வைத்தியம் வைத்தியமாக அலைவார்கள். அதனால் சொல்லிவிடுகிறேன்.

உணர்வு இல்லாமல் அசைவு மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்று பயிற்சிக்கு வரும் மாணவர்கள் கேட்பார்கள். இயன் வாட்டர்மேனைப் பற்றிச் சொல்வேன். ஜெர்சி தீவில் கசாப்புக்கடையில் வேலை பார்த்த இளைஞர். 1971இல், 19 வயதில், ஒரு காய்ச்சலுக்குப் பிறகு கழுத்துக்குக் கீழே தொடுகையும் மூட்டு நிலை உணர்வும் முழுக்கப் போய்விட்டன. வலியும் சூடும் தெரிந்தன. தசைகளுக்குப் போகும் கட்டளை வழியும் அப்படியே இருந்தது. ஆனாலும் அவரால் எழுந்து உட்கார முடியவில்லை, கை எங்கே இருக்கிறதென்றே தெரியாது. ஒவ்வொரு அசைவையும் கண்ணால் பார்த்துப் பார்த்துக் கற்று, திரும்ப நடந்தார். விளக்கு அணைந்தால் விழுந்துவிடுவார். வைட்டமின் பி12 குறைந்து பின்பக்கத் தூண்கள் கெட்ட பெரியவர்களிடம் இதையே லேசாகப் பார்க்கலாம். பகலில் நடப்பார்கள், முகம் கழுவக் கண்ணை மூடினால் தள்ளாடுவார்கள்.

கால் திரும்பாமல் போனவர்களைப் படுக்கையில் கிடத்துவது பெரும்பாலும் அந்தக் காலில் இல்லாத வலிதான். ஒரே பக்கம் உட்கார்ந்தால் நமக்கு வலிக்கிறது, நகர்ந்துகொள்கிறோம். அவர்களுக்கு அந்தச் சேதி ஏறுவதில்லை. வால் எலும்பு, குதிகால், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு மூன்றிலும் தோல் அழுகிப் புண் எலும்புவரை போகும், அவருக்குத் தெரியாது. வென்னீர் பக்கெட்டில் கால் வெந்துபோனது நாற்றம் வந்த பிறகே தெரிந்த கதையும் உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடுவதும், ராத்திரி டார்ச் அடித்துத் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பதும் எந்த எக்சர்சைஸுக்கும் குறைந்த வைத்தியமில்லை. வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் சாலை விபத்தில் அடிபட்டு நடக்க முடியாமல் போன பிறகுதான், சக்கர நாற்காலியில் இருந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவாக அவரே காரணம். கால் திரும்பாத வாழ்க்கை எவ்வளவு தூரம் போக முடியும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பெயர் அவருடையது. தோலைக் காப்பாற்றிக்கொண்டால்தான் அந்த நாற்காலியில் உட்கார முடியும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஊர்ப்பக்கம் இருப்பவர்களுக்கு இரண்டு விஷயம். மரத்திலிருந்து விழுந்தவரைத் தோளிலும் காலிலும் பிடித்து மடக்கித் தூக்கி ஆட்டோவில் போடாதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள். அது வரும்வரை தலையும் கழுத்தும் ஆடாமல் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். வேறு வழியே இல்லாமல் நகர்த்த வேண்டியிருந்தால் நாலு பேர் சேர்ந்து உடம்பைத் திருகாமல் ஒரே கட்டையாகப் பலகையில் உருட்டி ஏற்றுங்கள். அடுத்தது, முதலில் சேர்த்த ஆஸ்பத்திரியில் மூன்று நாளைக்குள் எழுதிய சீட்டில் எந்த மட்டம்வரை பஞ்சு தெரிந்தது, எந்த மட்டம்வரை ஊசி தெரிந்தது என்று இருக்கும். எக்ஸ்ரே படத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு அந்தத் தாளைத் தொலைத்துவிடுகிறார்கள். அதைக் கட்டாயம் கொண்டுவாருங்கள். இல்லையென்றால் டிஸ்சார்ஜ் ஆகும்போது டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.