முப்பத்தாறு அறைகளின் குப்பை

வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனைக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், காந்தி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், 36 அறைகள் கொண்ட தங்கும் விடுதி ஒன்றை நிர்வகித்து வருகிறேன். மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், வங்கதேசம் என்று தொலைவிலிருந்து நோயாளியை அழைத்து வந்து, வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில், அறையிலேயே சமைத்துச் சாப்பிட்டுக் காத்திருக்கும் குடும்பங்கள்தாம் எங்கள் விருந்தினர்கள். மீன் செதில், காய்கறித் தோல், கடுகெண்ணெய் பாட்டில், தண்ணீர் பாட்டில், மாத்திரை அட்டை, இன்சுலின் ஊசி எல்லாம் ஒரே கறுப்புப் பையில் கட்டப்பட்டுக் காலையில் மாநகராட்சி வண்டிக்குப் போய்க்கொண்டிருந்தன.

மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டிலிருந்து வரும் அபாயக் குப்பை ஆகிய மூன்றையும் உண்டாகும் இடத்திலேயே பிரிக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லிவிட்டன; விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் அதில் தனியாகவே ஒரு பிரிவு இருந்தது. நான் செய்ததெல்லாம், தளத்துக்கு மூன்று வண்ணக் கூடைகளை வாங்கி லிஃப்ட் அருகில் வைத்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் அறிவிப்பு ஒட்டியதுதான். வங்காளமும் இந்தியும் மட்டுமே படிக்கத் தெரிந்தவர்களுக்கு அந்த அறிவிப்பு எதையும் சொல்லவில்லை. மூன்று கூடைகளிலும் ஒரே குப்பைதான் சேர்ந்தது. அதைப் பிரிக்கும் வேலையைத் துப்புரவுப் பெண்களிடம் விட்டுவிட்டேன்.

அதன் விலையை நான் கொடுக்கவில்லை, அவர்களுள் ஒருவர் கொடுத்தார். பை ஒன்றைப் பிரிக்கும்போது மூடியில்லாத இன்சுலின் ஊசி அந்த அக்காவின் உள்ளங்கையில் ஏறிவிட்டது. உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். ஹெபடைடிஸ் பி, எச்.ஐ.வி. பரிசோதனைகள், பிறகு மறுபரிசோதனைகள் என்று அவர் வீட்டில் நிம்மதியாக உறங்கிப் பல வாரங்கள் ஆயின. நல்ல வேளையாக எதுவும் இல்லை. ஆனால் அன்று அவர் கேட்டது என்னை விட்டுப் போகவில்லை: "எல்லாத்தையும் ஒண்ணா கட்டிக் குடுத்துட்டு எங்களப் பிரிக்கச் சொல்றீங்களே சார், உள்ள என்ன இருக்குதுன்னு யாருக்குத் தெரியும்?"

கூடைகளை லிஃப்ட் அருகிலிருந்து எடுத்து அறைக்குள், அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தோம். தோலுக்கும் மீதிச் சோற்றுக்கும் மூடியுள்ள ஒரு வாளி, காய்ந்த பொருள்களுக்கு ஒரு சாக்குப்பை, ஊசிக்கு மட்டும் தடித்த பிளாஸ்டிக் டப்பா. வங்காளத்திலும் இந்தியிலும் எழுதியதோடு, வாளியின் மேல் மீன் முள்ளின் படத்தையும் டப்பாவின் மேல் ஊசியின் படத்தையும் ஒட்டினோம். அறைச் சாவியைக் கொடுக்கும்போதே அந்த அக்கா உடன் சென்று இரண்டு நிமிடம் செய்து காட்டுகிறார். அதற்குப் பிறகுதான் குப்பை உண்மையாகவே பிரியத் தொடங்கியது. ஊசி டப்பா நிறைந்ததும் மூடியை ஒட்டி, மாநகராட்சிப் பணியாளரிடம் தனியாகச் சொல்லி ஒப்படைக்கிறோம்.

காய்ந்த பொருள்களைப் பற்றி எனக்குப் பாடம் நடத்தியவர் காகிதப்பட்டறையில் பழைய பேப்பர் கடை வைத்திருக்கும் பெரியவர். (ஊர்ப் பெயரிலேயே காகிதம் இருப்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.) தண்ணீர் பாட்டிலையும் அதன் மூடியையும் ஏன் தனித்தனியாகக் கேட்கிறீர்கள் என்றேன். அவர் பாட்டிலில் ஒரு துண்டை வெட்டி வாளித் தண்ணீரில் போட்டார், அது மூழ்கியது. மூடியைப் போட்டார், மிதந்தது. இரண்டும் வேறு வேறு பிளாஸ்டிக், சேர்த்து உருக்கினால் இரண்டும் கெடும் என்றார். அட்டைப்பெட்டியில் குழம்பு பட்டுவிட்டால் அது காகிதக் கணக்கில் சேராது. எண்ணெய் பிசுபிசுக்கும் பாட்டிலுக்கு விலையே இல்லை. எனவே கடுகெண்ணெய் பாட்டில்களைச் சூடான சோப்புத் தண்ணீரில் அலசிக் கவிழ்த்து வைக்கிறோம். பால் பாக்கெட்டுகளையும் கழுவி, மொட்டைமாடிக் கொடியில் காயப்போட்ட பிறகே கட்டுகிறோம்.

ஈரக் குப்பை மொட்டைமாடியில் துளையிட்ட டிரம்களுக்குப் போகிறது. ஓர் அடுக்குத் தோல், ஓர் அடுக்குத் தென்னை நார்க்கழிவு, இடையிடையே புளித்த மோர். மீன் கழிவைத் தடித்த நார் அடுக்குக்கு அடியில் புதைக்காவிட்டால் தெருவே நம்மைத் தேடி வந்துவிடும். 40 டிகிரியைத் தாண்டும் கத்திரி வெயிலில் மேல்புறம் காய்ந்து மக்குவது நின்றுவிடுவதால், அந்த மாதங்களில் மாலைதோறும் நீர் தெளிக்க வேண்டும்.

பழைய பொருள்களை விற்று வரும் பணம் முழுவதையும் துப்புரவுப் பெண்களே கணக்கு எழுதி, தங்களுக்குள் பிரித்துக்கொள்கிறார்கள். உரிமையாளரிடம் இதற்கு ஒப்புதல் வாங்கச் சற்றுப் பேச வேண்டியிருந்தது, ஆனால் கறுப்புப் பைகளின் எண்ணிக்கை குறைந்ததைக் கண்ணால் பார்த்தபின் அவரும் மறுக்கவில்லை.

மாத்திரை அட்டைகளுக்கு மட்டும் இன்னும் வழி பிறக்கவில்லை. பி.வி.சி. பிளாஸ்டிக்கும் அலுமினியத் தாளும் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் பெரியவர் அவற்றை வாங்குவதில்லை. எரித்தால் நச்சுப்புகை வரும் என்பதால் எரிக்கவும் மாட்டோம். நான்கு சாக்குகள் நிறைந்து மாடிப்படியின் கீழே இருக்கின்றன; ஐந்தாவதை நேற்றுதான் அக்கா கட்டத் தொடங்கினார்.