புது மூட்டோடு பழநி மலையேற்றம்

“என்னை நடக்க வைத்துவிடு, படியேறி வந்து உன்னைப் பார்க்கிறேன்” என்று ஆபரேஷனுக்கு முன் பழநியாண்டவரிடம் நேர்ந்துகொண்டவர்கள் நம்மில் எத்தனையோ பேர். இடுப்பு மூட்டு மாற்றிய பிறகும் அந்த நேர்த்திக்கடனைச் செலுத்த முடியும். அவசரம்தான் கூடாது. பின்பக்கமாகத் திறந்து செய்த ஆபரேஷன் என்றால் 6 முதல் 12 வாரம் வரை இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்காதே, கால்மேல் கால் போடாதே, பாதத்தை உள்பக்கம் திருப்பாதே என்று சொல்லியிருப்பார்கள். அந்தக் காலம் முடிந்து, டாக்டரும் சரி என்ற பிறகே மலையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

உடம்பு தயாரா என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். சுவரை விரலால் தொட்டபடி ஆபரேஷன் ஆன காலில் மட்டும் அரை நிமிடம் நில்லுங்கள். மறுபக்க இடுப்பு கீழே சரிந்தால் பக்கவாட்டுத் தசைக்கு இன்னும் வலு வரவில்லை என்று அர்த்தம். ஆபரேஷன் ஆன கால் மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்து, மேல் காலைத் தூக்கும் பயிற்சியை விடாமல் செய்யுங்கள். மூன்று மாடி ஏறி இறங்கி, மறுநாளும் நொண்டாமல் நடக்க முடிகிறதா? அப்படியானால் நாள் பார்க்கலாம். கூட்டம் நெரியும் கிருத்திகை, தைப்பூசம், பங்குனி உத்திரம், ஞாயிற்றுக்கிழமை இவற்றைத் தவிர்த்துவிடுங்கள். அவனுக்கு எல்லா நாளும் ஒன்றுதான்.

காரில் வருபவர்கள் முழங்காலைவிட இடுப்பு சற்று உயர்ந்திருக்கும்படி சீட்டில் கெட்டியான மெத்தை போட்டுக்கொள்ளுங்கள். மணிக்கு ஒருமுறை இறங்கி நடப்பதும், உட்கார்ந்திருக்கும்போது கணுக்காலை மேலும் கீழும் அசைப்பதும் கெண்டைக்காலில் ரத்தம் கட்டாமல் காக்கும்.

அடிவாரத்தில்தான் முதல் சோதனை. “சார், செருப்ப இங்க விடுங்க”, “அம்மா, தட்டு வாங்கிட்டுப் போங்க”, “சீக்கிரம் தரிசனம் பண்ணி வைக்கிறேன்” என்று சூழ்ந்துகொள்கிறார்கள். கைத்தடியைப் பார்த்தால் இன்னும் விடுவதில்லை, கையைப் பிடித்தே இழுக்கிறார்கள். இதில் ஏமாறும் பணத்தைவிட மூட்டுக்கு வரும் ஆபத்துதான் பெரிது. பாதம் தரையில் ஊன்றியிருக்க உடம்பு மட்டும் திரும்பினால் மூட்டு முறுக்கிக்கொள்ளும். யார் பின்னாலிருந்து கூப்பிட்டாலும் சின்னச் சின்ன எட்டு வைத்து முழு உடம்போடு திரும்ப வேண்டும். வீட்டு ஆள் ஒருவர் ஆபரேஷன் பக்கம் ஒட்டியே வரட்டும். பாத விநாயகருக்குத் தோப்புக்கரணம் வேண்டாம், தலையில் குட்டிக்கொண்டால் போதும். குனிந்து சிதறுகாய் உடைப்பதையும் கூட வந்தவர்களிடம் விட்டுவிடுங்கள்.

படிப்பாதையில் அறுநூறுக்கும் மேல் படிகள். நமக்கு ஏற்றது யானைப்பாதை. சரிவு மெதுவாக ஏறும், நின்று மூச்சு வாங்க இடமிருக்கும். கைத்தடி ஆபரேஷன் ஆன காலுக்கு எதிர்க்கையில் இருக்க வேண்டும், அப்போதுதான் பலவீனமான பக்கத் தசையின் வேலையை அது பகிர்ந்துகொள்ளும். கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு வரும் உயரத்தில் பிடி இருக்கட்டும். அடி ரப்பர் தேய்ந்திருந்தால் புறப்படும் முன்பே மாற்றிவிடுங்கள், ஈரக் கல்லில் தேய்ந்த ரப்பர் வழுக்கும். படி வரும் இடத்தில் நல்ல கால் முதலில் மேலே, அடுத்து ஆபரேஷன் காலும் தடியும். களைப்பு வந்தால் படியில் உட்காராதீர்கள். அவ்வளவு தாழ்வான இடத்தில் முழங்கால் இடுப்புக்கு மேலே போய்விடும், எழும்போது முன்னால் குனியவும் வேண்டிவரும். கைப்பிடியில் சாய்ந்து நின்றே இளைப்பாறுங்கள். உச்சி வெயிலில் கல் சுடும், வெறுங்காலோடு துள்ளித் துள்ளி நடந்தால் எட்டு தடுமாறும். விடியற்காலையில் ஏறுவதே நல்லது.

மேலே வரிசையில் நெருக்குகிறார்கள். முதுகில் கை வைத்துத் தள்ளுகிறவர்களிடம் “இடுப்பு ஆபரேஷன் ஆனவங்க, தள்ளாதீங்க” என்று சத்தமாகவே சொல்லிவிடுங்கள், கூச்சம் வேண்டாம். சன்னதியில் “நகருங்க, நகருங்க” என்று விரட்டுகிறார்கள். கிடைப்பதென்னவோ சில விநாடிகள்தான். அந்தச் சில விநாடிகளில் அவன் நிற்கும் கோலத்தைப் பாருங்கள். வலது கையில் தண்டம், இடது கை இடுப்பில்! எத்தனையோ முறை பார்த்த கோலம்தான். இடுப்பு வலியில் ராத்திரியெல்லாம் புரண்டவர்களுக்கும், வாக்கரைப் பிடித்து முதல் எட்டு வைத்தபோது வியர்த்துப் போனவர்களுக்கும் அது வேறு மாதிரி தெரியும். இடது இடுப்பில் ஆபரேஷன் ஆனவர்கள் அவனைப் போலவே வலது கையில் தடியோடு நிற்கிறார்கள். தண்டாயுதபாணியே, உனக்கு எதற்கப்பா தடி? எங்களுக்காகத்தானே பிடித்துக்கொண்டு நிற்கிறாய்!

கண்ணீர் வரும், சாஷ்டாங்கமாக விழத் தோன்றும். விழ வேண்டாம், நின்றபடி கைகூப்பினாலே அவன் ஏற்றுக்கொள்வான். போகர் நவபாஷாணத்தில் அவனை வடித்து, மருந்தையே மூர்த்தியாக நிறுத்திய மலையல்லவா இது. மூட்டைப் பொருத்திய டாக்டரின் கையிலும், “இன்னும் பத்து தடவை” என்று விடாமல் பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்ட்டின் குரலிலும், ராத்திரி கால்களுக்கு நடுவே தலையணை வைத்துவிட்டவர்களின் பொறுமையிலும் வந்தவன் அவன்தானே. பஞ்சாமிர்தமும் விபூதியும் வாங்கும்போது அத்தனை பேர் பெயரையும் மனசுக்குள் சொல்லத் தோன்றுகிறது. முருகா, முருகா என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை.

இறங்குவதற்கு, தண்டவாளத்தில் கம்பிவடம் இழுக்கும் பெட்டியான விஞ்ச் நல்லது. ரோப் கார் பலத்த காற்றடித்தால் நின்றுவிடும், பராமரிப்பு நாட்களிலும் ஓடாது. ஏறி வருவதாகத்தானே வேண்டுதல், விஞ்சில் இறங்கினால் அவன் கோபித்துக்கொள்ள மாட்டான். நடந்தே இறங்குபவர்களுக்கு முறை தலைகீழ்: தடியும் ஆபரேஷன் காலும் முதலில் கீழே, பிறகு நல்ல கால்.

மறுநாள் புட்டத்திலும் தொடையின் வெளிப்பக்கமும் இருக்கும் வலி, ஐஸ் ஒத்தடத்திலும் ஓய்விலும் ஓரிரு நாளில் போய்விடும். தொடை இடுக்கில் சுரீரென்று வலித்துக் காலை ஊன்ற முடியாவிட்டாலோ, கால் குட்டையாகித் திரும்பினாற்போல் தெரிந்தாலோ மூட்டு நழுவியிருக்கலாம். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும், காய்ச்சலோடு தழும்பில் நீர் கசிந்தாலும் அதே போலத்தான்: விபூதியைப் பூசிக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

காவடி நேர்ந்தவர்களுக்கு ஒன்று. ஒற்றைக் காலில் நிற்கும்போதே இடுப்பு மூட்டில் உடல் எடையைப்போல் இரண்டரை, மூன்று மடங்கு சுமை விழுகிறது. தோளில் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் அங்கே பெருகித்தான் இறங்கும். முதல் வருஷம் வீட்டில் இன்னொருவர் எடுக்கட்டும், கூடவே நாம் நடக்கலாம். வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!