மலை ஈரம் தெரிந்தவர்களுக்கு உப்பு ஈரம்

கோத்தகிரி, குன்னூர் பக்கத்துத் தேயிலை ஃபேக்டரிகளில் மோட்டார், பேரிங், ஜெனரேட்டர் என்று கை பழகியவர்களுக்குத் தனித்தீவுக் கலங்கரை விளக்கு வேலை ரொம்ப அந்நியமாக இருக்காது. அப்பர் பவானி, அவலாஞ்சி பக்கம் மின்வாரியக் குடியிருப்புகளில் மழைக்காலத்தை ஓட்டியவருக்குத் தனிமையைப் பற்றி யாரும் பாடம் எடுக்கவும் வேண்டாம். ஈரமும் பழக்கம்தானே என்று நினைத்துப் போகிறோம் பாருங்கள், அங்கேதான் சிக்கல். நம்மூர் ஈரம் பூஞ்சணம் பிடிக்கவைக்கும், நல்ல வெயில் அடித்தால் விட்டுவிடும். உப்பு ஈரம் விடாது. பகலில் காய்ந்து பொடியாகத் தெரிகிற உப்பு, ராத்திரி காற்றிலிருந்து மறுபடி தண்ணீரை இழுத்துக்கொள்ளும். துரு, பழுது, சாப்பாடு எல்லாவற்றிலும் இதுதான் வந்து நிற்கிறது.

லட்சத்தீவு விளக்குகளையே எடுத்துக்கொள்வோம். மினிக்காயில் 1885இல் கட்டிய கோபுரம் இருக்கிறது. அங்கே ஊர் உண்டு, பள்ளி உண்டு. சுஹேலியில் நிரந்தரக் குடி கிடையாது. கவரத்திக்காரர்கள் சூரை பிடிக்கவும் தேங்காய் வெட்டவும் பருவத்துக்கு வந்து போவார்கள், அவ்வளவுதான். இப்போது பல தீவு விளக்குகள் தானாகவே எரிகின்றன. ஆள் போவது பராமரிப்புக்கு மட்டும். அதனால் போகிற சில நாட்களில் எதை முதலில் தொடுவது என்பது முன்பைவிட முக்கியமாகிவிட்டது.

முதலில் கண்ணாடி. விளக்கறையின் வெளிக்கண்ணாடியில் படிந்த உப்பை உலர்ந்த துணியால் துடைத்தால் கீறல் விழும். நல்ல தண்ணீர் ஊற்றிக் கரைத்து ஓடவிட்ட பிறகுதான் துணி வைக்கவேண்டும். உள்ளே இருக்கும் ஃபிரெனல் லென்ஸுக்கு (பட்டகக் கண்ணாடி வளையங்களை அடுக்கிச் செய்தது) வேறு முறை: மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டி, ஸ்பிரிட் கலந்த தண்ணீரில் நனைத்த பருத்தித் துணியால் மேலிருந்து கீழாகத் துடைத்து, உடனே உலர்துணி போடவேண்டும். பெல்ட் பக்கிளும் வாட்சும் பட்டகத்தில் இடித்தால் ஓரம் சில்லு போகும். அந்தச் சில்லை ஒட்டவைக்க வழியில்லை. பழைய பெரிய லென்ஸ்கள் பாதரசத் தொட்டியில் மிதந்து சுழல்பவை. டன் கணக்கில் எடை இருந்தாலும் ஒரு விரலால் தள்ளிவிடலாம். அங்கே வேலை செய்யும்போது ஜன்னல் திறந்திருக்கவேண்டும், ஏனென்றால் பாதரச ஆவி நரம்பைத் தாக்கும். மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள், பாதரசம் தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும்.

பகலில் திரை போட மறக்கக்கூடாது. ஒளியை வெளியே அனுப்புகிற அதே லென்ஸ் சூரியனை உள்ளே குவித்து பல்ப் ஹோல்டரைக் கருக்கிவிடும்.

பல்ப் மாற்றுவது சின்ன வேலையாகத் தெரியும். ஆனால் இழை குவியப் புள்ளியில் நிற்கவேண்டும். 'முதல் தரம்' என்று அளவு வகுத்திருக்கும் பெரிய லென்ஸின் குவியத் தூரம் 920 மி.மீ. இழை 2 மி.மீ. மேலே ஏறி நின்றால், 30 கி.மீ. தள்ளி ஒளிக்கற்றையின் நடு சுமார் 65 மீட்டர் கீழே இறங்கிவிடும், அதாவது கடலுக்குள். இழை தாழ்ந்தால் கப்பலின் தலைக்கு மேலே போய்விடும். கோபுரத்தடியில் நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஜோராக எரிவதுபோலத்தான் தெரியும்.

சுழற்சி வேகம் இதைவிடவும் பொல்லாதது. நான்கு முகம் உள்ள லென்ஸ் 60 வினாடிக்கு ஒரு சுற்று வந்தால் 15 வினாடிக்கு ஒரு மின்னல். பேரிங் இறுகி 80 வினாடி ஆனால் இடைவெளி 20 ஆகிவிடும், இடைவெளியை வைத்தே விளக்கை அடையாளம் காணும் மாலுமி அதை வேறு ஊர் விளக்கு என்று வரைபடத்தில் படிப்பார். அணைந்த விளக்கு அவரை உஷார்ப்படுத்தும். தப்பான விளக்கு நம்பவைக்கும். ஒரே மின்னலை அளந்தால் கைப்பிழை சேரும். பத்து இடைவெளியை ஸ்டாப் வாட்ச்சில் அளந்து பத்தால் வகுப்பதுதான் சரி.

எவ்வளவு தூரம் தெரியும் என்பதற்குக் கைக்கணக்கு ஒன்று உண்டு: உயரத்தின் (மீட்டரில்) வர்க்கமூலத்தை 3.86ஆல் பெருக்கினால் கிலோமீட்டர். 50 மீட்டர் உயர விளக்குக்கு 27 கி.மீ.; பார்ப்பவர் 15 மீட்டர் உயரக் கப்பல் தளத்தில் நின்றால் இன்னொரு 15 சேரும். இதே கணக்கில் 2,637 மீட்டர் தொட்டபெட்டாவுக்கு 198 கி.மீ. வருகிறது. கோழிக்கோடு கடற்கரை நேர்கோட்டில் அதில் பாதி தூரத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். இருந்தும் நமக்குக் கடல் தெரிவதில்லை, புழுதியும் மூட்டமும் மறைத்துவிடும். உயரக் கணக்கை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு நம் மலையே சாட்சி.

மின்சாரத்தில் பேட்டரிதான் முதலில் படுக்கும். 100 வாட் பல்ப் 12 மணி நேரம் எரிந்தால் 12 வோல்ட்டில் 100 ஆம்பியர்-ஹவர் போகும். ஐந்து நாள் வெயில் இல்லாமல் தாக்குப்பிடிக்க 500. பாதிக்குமேல் வடியவிடக்கூடாது என்பதால் 1000 வேண்டும். எல்.இ.டி. வந்தபிறகு இது வெகுவாகக் குறைந்துவிட்டது. அமிலத்தின் அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டரை ஒவ்வொரு செல்லிலும் வைத்துப் பாருங்கள்; ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.030 குறைந்து நின்றால் அதைச் சந்தேகிக்கவேண்டும். சோலார் பேனலை மினிக்காயின் 8 டிகிரி அட்சரேகைக்கு ஏற்ப 8 டிகிரியில் சாய்த்தால் மழைநீர் ஓடாது, பறவை எச்சமும் உப்பும் தங்கிவிடும். 10, 15 டிகிரி வையுங்கள். அலுமினியச் சட்டத்தில் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட் மாட்டும்போது கிரீஸ் பூசாவிட்டால் உப்புத் தண்ணீர் நடுவில் புகுந்து அலுமினியத்தை அரித்துவிடும், பிறகு ஸ்பேனரில் போல்ட் தலைதான் கையோடு வரும். ஊட்டியில் அதே போல்ட் வருஷக்கணக்கில் கழற்ற வரும்.

டீசல் பேரலை நிறுத்திவைப்பது நம்மூர்ப் பழக்கம். நிறுத்தினால் மேல்மூடியைச் சுற்றி மழைநீர் தேங்கும். ராத்திரி பேரல் குளிர்ந்து சுருங்கும்போது அந்தத் தண்ணீரை மூடி வழியாக உள்ளே உறிஞ்சும். படுக்கவைத்து, இரண்டு மூடிகளும் கடிகாரத்தில் 3, 9 இருக்கும் இடத்தில் வரும்படி உருட்டி நிறுத்தவேண்டும். அப்போது மூடிக்கு உள்பக்கம் டீசலே நிற்கும், காற்றும் தண்ணீரும் நுழையாது.

குடிநீர்தான் மலைக்காரருக்குப் புரியாத விஷயம். நமக்கு ஊற்று மேலிருந்து வருகிறது. பவளத்தீவில் மழைநீர் மணலுக்குள் இறங்கி, பாலில் ஆடை மாதிரி உப்புத்தண்ணீர்மேல் மிதக்கிறது. கிணற்றில் மோட்டார் போட்டு ஒரேயடியாக இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலேறிவிடும், திரும்ப இறங்க மாதங்கள் ஆகும். கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளையாக எடுப்பதுதான் வழி. கூரைநீரும் பிடிக்கலாம்: 100 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. பெய்தால் 1,000 லிட்டர், கையில் 800 நிற்கும். கோடைக்குப் பின் வருகிற முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள், அதில் உப்பும் எச்சமும்தான் இருக்கும்.

மே நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை சின்னப் படகுகளை நம்பமுடியாது. அரிசி, பருப்பு, கேஸ் எல்லாம் கணக்குக்கு ஒன்றரை மடங்கு. உருளைக்கிழங்கு அந்தச் சூட்டில் முளைவிடும், கேரட் வதங்கும். பூசணி நிற்கும், வெங்காயத்தைக் காற்றாடக் கட்டித் தொங்கவிட்டால் நிற்கும். குழம்புக்கு மாசிக் கருவாடு அந்தப் பக்கத்திலேயே கிடைக்கும், இங்கிருந்து சுமக்கவேண்டாம். டீத்தூளைச் சின்னச் சின்ன டின்களாகப் பிரித்து, ஒன்று தீர்ந்தபிறகே அடுத்ததைத் திறக்கவேண்டும். ஊட்டி வர்க்கி மட்டும் வேண்டாம். டப்பா திறந்த மறுநாளே நமத்துப்போகும்.