ஏர் பிஸ்டல் பயிற்சிக் குறிப்பு: டிரிகரின் இரண்டாம் நிலை ஒருவழியாக வழிக்கு வந்தது

பத்து மீட்டர் ஏர் பிஸ்டலில் என்னை நெடுங்காலமாக அலைக்கழித்துவந்த ஒரு சிக்கல் தீர்ந்திருக்கிறது. பத்துகளும் ஒன்பதுகளுமாக நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் தொடரில் திடீரென்று ஒரு குண்டு, கடிகாரத்தில் எட்டு மணி காட்டும் திசையில், எட்டாம் வளையத்திலோ ஏழாம் வளையத்திலோ போய் விழும். அடுத்த குண்டு எதுவுமே நடவாததுபோல் மீண்டும் பத்தில் விழும். இப்போது அறுபது குண்டுகளையும் சுட்டு முடித்து அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அந்த எட்டு மணித் திசை காலியாக இருக்கிறது. மொத்தப் புள்ளி பெரிதாக ஏறிவிடவில்லை என்றாலும், இழந்த புள்ளிகள் நாலாபுறமும் பரவலாகச் சிதறிக் கிடக்கின்றன. பரவலான ஒன்பதுகள் கைநடுக்கத்தின் கணக்கில் சேரும். ஒரே திசையில் ஓடும் எட்டுகள் டிரிகரின் கணக்கில் சேரும். கைநடுக்கத்தோடு வாழப் பழகிவிட்டேன், டிரிகரோடு வாழ மனம் ஒப்பவில்லை.

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பவர்கள் ஒரு சிறிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஏர் பிஸ்டல் அட்டையில் பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ., குண்டின் விட்டம் 4.5 மி.மீ., குண்டு கோட்டைத் தொட்டாலே புள்ளி கிடைத்துவிடும் என்பதால் குண்டின் மையம் அட்டையின் மையத்திலிருந்து 8 மி.மீ. வரை விலகினாலும் அது பத்துதான். அதன்பின் ஒவ்வொரு வளையத்துக்கும் இன்னொரு 8 மி.மீ. கை மொத்தமாக, சைட்டுகளின் (குழலின் மேல் முன்னும் பின்னும் உள்ள குறிபார்க்கும் பாகங்களின்) நேர்கோடு குலையாமல், 8 மி.மீ. நகர்ந்தால் குண்டும் 8 மி.மீ. மட்டுமே நகரும். ஆனால் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே உள்ள நேர்கோடு குலைந்தால் கதையே வேறு. என் பிஸ்டலில் இரண்டு சைட்டுகளுக்கும் இடைவெளி 320 மி.மீ.; பத்து மீட்டர் என்பது அதைப்போல் ஏறத்தாழ 31 மடங்கு; ஆகவே பின் சைட்டின் பள்ளத்துக்குள் முன் சைட் கால் மில்லிமீட்டர் பக்கவாட்டில் விலகினாலே ஒரு முழு வளையம் கையைவிட்டுப் போய்விடுகிறது. விரல் டிரிகரை இழுக்கும்போது செய்யும் சேட்டை இந்தக் கால் மில்லிமீட்டருக்குள்தான் நடக்கிறது, அது கண்ணுக்குத் தெரிவதற்குள் குண்டு போய்ச் சேர்ந்துவிடுகிறது.

டிரிகர்மீது பழி போடுவதற்கு முன் குண்டுகளை விசாரித்துவிட வேண்டும் என்பதால் அதையும் செய்தேன். மரப்பிடியைக் கழற்றிவிட்டு, உடற்பகுதியை மெல்லிய ரப்பர் வைத்து இடுக்கியில் பொருத்தி, கைவசம் இருந்த எல்லா டப்பாக்களிலிருந்தும் குண்டுகளை எடுத்துச் சுட்டுப் பார்த்தேன். 0.45 கிராம், 0.49 கிராம், 0.53 கிராம் என மூன்று எடைகளிலும், தலை விட்டம் 4.49, 4.50 என இரண்டு அளவுகளிலும் பார்த்ததில், மிக மோசமான டப்பாகூடத் தன் குண்டுகள் அனைத்தையும் பத்தாம் வளையத்துக்குள்ளேயே போட்டது. பத்து என்பது அரை மில்லிமீட்டர்ப் புள்ளியாக இருக்கும் ஏர் ரைஃபிள்காரர்கள் குண்டுக்காகத் தலையைப் பிய்த்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. பிஸ்டல்காரர்களுக்கு, குறைந்தபட்சம் என் நிலையில் இருப்பவர்களுக்கு, அது காசைக் கரியாக்கும் வேலை. ஆகவே விலை குறைந்த 0.49 கிராம் குண்டுகளையே பயிற்சிக்கு வைத்துக்கொண்டுவிட்டேன்.

குண்டு விற்பவர்களைப் பற்றி ஒரு மனக்குறை இருக்கிறது, அதையும் கொட்டிவிடுகிறேன். ஒரே தயாரிப்புத் தொகுதி எண் கொண்ட டப்பாக்கள் வேண்டும் என்று எழுதிக் கேட்டும், எண்கள் வெவ்வேறாக இருந்த டப்பாக்களைக் கலந்து அனுப்பியதோடு, சரியான பொதி இல்லாமல் அனுப்பியதால் டப்பாக்கள் நசுங்கி, உள்ளே பல குண்டுகளின் பாவாடைப் பகுதி, அதாவது விரிந்த பின்விளிம்பு, கோணலாகிப் போயிருந்தது. பாவாடை நசுங்கிய குண்டு குழலுக்குள் காற்றைச் சீராக அடைக்காது. அவற்றைப் பொறுக்கித் தனியே வைத்து, சைட் திருத்தும் வேலைக்குக்கூடப் பயன்படுத்தாமல் ஒதுக்கிவிட்டேன். தனித்தனிக் குழியில் வைத்து நுரைத்தட்டில் வரும் குண்டுகள் இருக்கின்றன. போட்டிக்கு மட்டும் அவற்றை வாங்குவதாக இருக்கிறேன்.

இனி டிரிகர். சர்வதேச துப்பாக்கி சுடுதல் சம்மேளனத்தின் விதிப்படி ஏர் பிஸ்டலின் டிரிகர் எடை 500 கிராமுக்குக் குறையக்கூடாது என்பதும், குழலை மேல்நோக்கி நிறுத்தி எடைக்கட்டியைத் தூக்கிக் காட்ட வேண்டும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அந்த 500 கிராமை முதல் நிலைக்கும் (விரல் ஒரு தடையில் முட்டும்வரை உள்ள ஓட்டம்) இரண்டாம் நிலைக்கும் (அந்தத் தடையைத் தாண்டிக் குண்டு கிளம்பும்வரை உள்ள அழுத்தம்) எப்படிப் பங்கிடுவது என்பதைப் பற்றி விதி எதுவும் பேசுவதில்லை, அங்கேதான் வேலை இருக்கிறது. என் பிஸ்டல் வந்தபோது முதல் நிலை 330 கிராம், இரண்டாம் நிலை 180 கிராம் என்று இருந்தது. முதல் நிலையை இழுத்து முடித்ததும் விரல் ஒரு தெளிவான சுவரில் போய் முட்டும். அந்தச் சுவரைத் தாண்ட இன்னும் 180 கிராம் அழுத்த வேண்டும். சைட் படம், அதாவது இரண்டு சைட்டுகளும் சேர்ந்து கண்ணுக்குத் தெரியும் காட்சி, அழகாக நிற்கும் அந்த ஒரு நொடியில் மனம் “இப்போது” என்று கட்டளையிட, விரல் அந்த 180 கிராமையும் ஒரே வெட்டாக வெட்டிவிடுகிறது. வெட்டும்போது மற்ற மூன்று விரல்களும் சேர்ந்து பிடியை இறுக்குகின்றன, மணிக்கட்டு இம்மியளவு தாழ்கிறது, குண்டு எட்டு மணித் திசைக்குப் போகிறது.

எடையை அளப்பதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஒரு சிறிய பிளாஸ்டிக் டப்பாவில் கம்பிக் கொக்கி மாட்டி, குண்டில்லாத பிஸ்டலை ஆளில்லாத திசையில் செங்குத்தாக நிறுத்தி, டிரிகரின் நடுப்பகுதியில் கொக்கியைத் தொங்கவிட்டு, டப்பாவுக்குள் மணலைச் சிறிது சிறிதாகக் கொட்டினேன். டிரிகர் மெல்ல நகரத் தொடங்கி முதல் நிலையின் முடிவில் போய் நிற்கும்போது டப்பாவை எடுத்துத் தராசில் வைத்தால் முதல் நிலையின் எடை. மேலும் மணல் கொட்டி டிரிகர் விடுபடும்போது எடுத்து நிறுத்தால் மொத்த எடை. மணலை ஸ்பூனால் கொட்டுவதைவிட மடித்த காகிதத்தின் விளிம்பிலிருந்து உதிர விடுவது நல்லது; ஸ்பூன் மணல் விழும் அதிர்ச்சியிலேயே டிரிகர் விடுபட்டு, எடை குறைவாகக் காட்டும்.

அளந்துவிட்டு, முதல் நிலை எடைத் திருகாணியைக் கால் சுற்று உள்ளே, இரண்டாம் நிலை எடைத் திருகாணியைக் கால் சுற்று வெளியே எனத் திருப்பிக்கொண்டே வந்தேன். ஒன்றைத் தொட்டால் மற்றொன்றும் சிறிது மாறுவதால், ஒவ்வொரு முறையும் இரண்டையும் மீண்டும் அளக்க வேண்டியிருந்தது. பொறுமையைச் சோதிக்கும் வேலை. திருகாணித் தலையிலும் உடற்பகுதியிலும் மெல்லிய பேனாவால் கோடு போட்டுக்கொண்டால் பழைய இடத்துக்குத் திரும்பி வரலாம். இரண்டாம் நிலையை 60 கிராமுக்குக் கொண்டுபோனபோது சுவர் காணாமலே போய்விட்டது: கை இலக்கை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும்போதே குண்டு கிளம்பியது. 110 கிராமில்தான் விரலுக்குச் சுவரும் தெரிந்தது, அதைத் தாண்ட தனியாக ஒரு முயற்சியும் தேவைப்படவில்லை. முதல் நிலையை 410 கிராமில் வைத்திருப்பதால் மொத்தம் 520 கிராம். எல்லைக்கு மேல் இந்த 20 கிராம் இருப்பது சோதனை மேசையில் வியர்க்காமல் நிற்பதற்காக. டிரிகர் விடுபடும்வரை அதைப் பிடித்துவைத்திருக்கும் உட்கொக்கிகள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருக்கும் ஆழத்தைத் தீர்மானிக்கும் இன்னொரு திருகாணியும் உள்ளே இருக்கிறது, அதை நான் தொடுவதில்லை. கடிக்கும் ஆழம் குறைந்தால் மேசையில் சற்று வேகமாக வைத்தாலே பிஸ்டல் விடுபடக்கூடும், அது விளையாட்டில்லை.

எடையைச் சரிசெய்ததில் முக்கால்வாசி எட்டுகள் மறைந்தன. மீதியிருந்தவை மரத்தில் ஒளிந்திருந்தன. டிரிகர்மீது விரலின் முதல் கணுவுக்கும் நுனிக்கும் நடுவில் உள்ள மெத்தென்ற பகுதி மட்டும் படவேண்டும், அழுத்தம் குழலுக்கு இணையாக நேர் பின்னோக்கி வரவேண்டும், இவ்வளவும் பாடம்தான். ஆனால் விரலின் அடிப்பகுதி பிடியின் பக்கவாட்டு மரத்தை உரசிக்கொண்டிருந்தால் எந்தப் பாடமும் உதவாது, ஏனெனில் விரல் மடங்கும்போது தடித்து, மரத்தைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. ஒரு துண்டுக் காகிதத்தை விரலுக்கும் மரத்துக்கும் இடையே செருகி இழுத்துப் பார்த்தேன். டிரிகரைத் தொடாமல் இருக்கும்போது காகிதம் வழுக்கிக்கொண்டு வந்தது; முதல் நிலையை இழுத்து முடித்தபோது காகிதம் சிக்கிக்கொண்டது. அந்த இடத்தில் பென்சிலால் குறியிட்டு, வட்ட அரத்தால் சிறிது சிறிதாக ராவி, 120, 240, 400 எண் உப்புத்தாள்களால் வரிசையாகத் தேய்த்தேன். இரண்டு மி.மீ. மரம் போனபிறகு, டிரிகர் விடுபடும்வரை காகிதம் தடையின்றி வந்தது. வாதுமை மரத்தின் தூள் மூக்கில் ஏறினால் நாள் முழுக்கத் தும்மல்தான், முகமூடி போட்டுக்கொள்ள வேண்டும்.

டிரிகர் விடுபட்டபின் அது மேலும் எவ்வளவு தூரம் பின்னால் ஓடுகிறது என்பதைத் தடுக்கும் நிறுத்துத் திருகாணியையும் சேர்த்துப் பார்த்தேன். அதை மிகவும் நெருக்கி வைத்தால் விரல் நிறுத்தத்தில் மோதும் அதிர்ச்சி குண்டு குழலை விட்டு வெளியேறுமுன்னே முன் சைட்டுக்குப் போய்ச் சேர்கிறது. தளர்த்தி வைத்தால் விரல் வெறுமையில் விழுவதுபோல் பாய்கிறது. விடுபடும் புள்ளிக்குப் பின் ஒரு காகிதக் கனத்துக்குச் சற்று அதிகமாக இடம் விட்டு நிறுத்தியிருக்கிறேன், இதில் இன்னும் முழுத் திருப்தி வரவில்லை.

இந்த அமைப்பைக் கைக்குப் பழக்க, குண்டில்லாமல் வெள்ளைச் சுவரை நோக்கி டிரிகரை இழுக்கும் பயிற்சியைத்தான் அதிகம் செய்கிறேன். இலக்கு அட்டை எதிரே இருந்தால் கண் கருவட்டத்தைத் தேடி ஓடும். வெறும் சுவரில் தேடுவதற்கு ஒன்றுமில்லை என்பதால் பார்வை முன் சைட்டின் மேல் விளிம்பிலேயே நிற்கிறது. கை இறங்கும்போதே முதல் நிலையை எடுத்துவிட்டு, டிரிகரின் சுவரில் விரலை இருத்தி, முன் சைட்டின் இருபுறமும் உள்ள வெளிச்சக் கீற்றுகள் சமமாக இருப்பதை மட்டும் கவனித்துக்கொண்டு, அழுத்தத்தை நிறுத்தாமல் ஏற்றிக்கொண்டே போக வேண்டும். “டிக்” என்று விழுந்தபின்னும் முன் சைட் அசையாமல் இருந்ததா என்பதுதான் கேள்வி. எட்டு வினாடிக்குள் விடுபடாவிட்டால் கையை இறக்கிவிடுவது என்று வைத்திருக்கிறேன். அதற்குமேல் கண்ணும் தோளும் சோர்ந்து, மனம் பேரம் பேசத் தொடங்கிவிடுகிறது. 2009இல் தென்கொரியாவின் ஜின் ஜோங்-ஓ 60 குண்டுகளில் 594 புள்ளி எடுத்தார். மொத்தமாக ஆறே புள்ளிகளை இழந்த அந்த ஆட்டத்தோடு ஒப்பிட்டால் நம்முடைய உப்புத்தாள் ஆராய்ச்சியெல்லாம் எங்கே நிற்கிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை, இருந்தாலும் அந்த ஆட்டமும் இதே 11.5 மி.மீ. வளையத்தில்தான் நடந்தது.

இதற்கிடையே காற்று உருளையின்மீது அச்சிட்டிருக்கும் தயாரிப்பு மாதத்தைப் பார்த்தேன். தயாரிப்பாளர்கள் குறிக்கும் பத்தாண்டு ஆயுள் முடிய அதிக காலம் இல்லை. தேதி தாண்டிய உருளையோடு போட்டிக்குப் போக முடியாது என்பது ஒருபுறமிருக்க, 200 பார் அழுத்தத்தை முகத்துக்கு அருகே வைத்துக்கொண்டு சிக்கனம் பார்க்கவும் மனம் வரவில்லை. புதிய உருளைக்குச் சொல்லியிருக்கிறேன். குழலின் அசைவைக் கணினித் திரையில் கோடாக வரைந்து காட்டும் பயிற்சிக் கருவி ஒன்றின்மீதும் ஆசை இருக்கிறது, டிரிகர் விடுபடுவதற்கு முந்தைய கடைசிக் கால் வினாடியில் கோடு எங்கே ஓடுகிறது என்று அதில் பார்த்துவிட்டால் நிறுத்துத் திருகாணி பற்றிய சந்தேகமும் தீரும். உருளைக்கே காசு போய்விடுவதால் அது தள்ளிப்போகிறது.

அடுத்தபடியாக, பிடியின் அடியில் உள்ளங்கையின் கீழ்ப்பகுதியைத் தாங்கும் உள்ளங்கைத் தாங்கியைத் தொடப்போகிறேன். மரப்பிடிக்கும் உள்ளங்கைக் குழிவுக்கும் இடையே உள்ள இடைவெளியை மரப்புட்டி வைத்து நிரப்பி, ஈரமாக இருக்கும்போதே கையை அழுத்தி அச்செடுத்து, காய்ந்தபின் ராவுவதுதான் திட்டம். தாங்கி பிடிக்கு 90 பாகைக்குக் குறையாமல் விலகி நிற்க வேண்டும், கட்டைவிரல் தடையின்றி மேலே எழ வேண்டும் என்ற இரண்டு விதிகளும் கெடாதபடி, புட்டியைக் குறைவாகவே பூச வேண்டியிருக்கும். ஒரு பூச்சு உலர்ந்து, கைபட்டுப் பழகிய பிறகே அடுத்த பூச்சு. பிடி மாறினால் விரல் டிரிகரில் படும் இடமும் மாறும் என்பதால், காகிதத் துண்டையும் மணல் டப்பாவையும் எடுத்து உள்ளே வைக்கவில்லை.