மறுபடியும் முதலாம் ஆண்டு

மார்ச் 9

கலிஃபோர்னியாவில் சாண்டா பவுலா ஊருக்கு வெளியே மலையடிவாரத்தில் இருக்கும் தாமஸ் அக்வினாஸ் கல்லூரிக்கு இன்று போன் செய்தேன். அங்கே மாறி வந்தால், ஏற்கனவே படித்த பாடங்களுக்கான கிரெடிட்டில் எத்தனை எடுத்துக்கொள்வீர்கள் என்று கேட்டேன். ஒன்றுகூட இல்லையாம். வேறு இடத்தில் இரண்டு வருடம் படித்திருந்தாலும், ஏன், பட்டமே வாங்கியிருந்தாலும், அங்கே சேர்கிற எல்லோரும் முதலாம் ஆண்டில்தான் உட்கார வேண்டும்.

நான் இங்கே ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயன்ஸ் இரண்டாம் ஆண்டை முடிக்கப்போகிறேன். அறுபது கிரெடிட் கையில் இருக்கிறது. அத்தனையும் அந்த வாசலிலேயே நின்றுவிடும்.

காரணம் கேட்டதும் அவர்கள் மேல் கோபம் வரவில்லை. அங்கே மேஜர் என்ற முதன்மைப் பாடம் கிடையாது, விருப்பப் பாடம் கிடையாது. நான்கு வருடமும் எல்லோருக்கும் ஒரே படிப்பு, ஒரே வரிசை. லத்தீன், கணிதம், இயற்கை அறிவியல், தத்துவம், இறையியல், அப்புறம் மாலையில் நடக்கும் செமினார். பாடப்புத்தகத்துக்குப் பதில் மூல நூல்களைப் படிக்கிறார்கள். கணிதமும் வானியலும் முதல் வருடம் யூக்ளிடில் தொடங்கி, டாலமி, கோப்பர்நிக்கஸ், கெப்ளர், நியூட்டன் என்று போய்க் கடைசி வருடம் ஐன்ஸ்டைனில் நிற்கும். ஆசிரியர் விரிவுரை செய்வதில்லை. இருபது பேருக்குள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுகிறார்கள், ஆசிரியரும் அந்த மேசையில் ஒருவர். அவரை டியூட்டர் என்றுதான் சொல்கிறார்கள். யூக்ளிடைப் படிக்காமல் டாலமி வகுப்பில் போய் உட்கார்ந்தால் என்ன பேசுவது?

இப்போது நான் படிக்கும் கால்குலஸ் வகுப்பில் இருநூறு பேருக்கு மேல் இருக்கிறோம். சூத்திரம் வரும், போடத் தெரியும், மதிப்பெண்ணும் வரும். அது ஏன் உண்மை என்று கேட்க அங்கே இடமில்லை. எனக்கு அந்தக் கேள்விதான் வேண்டும்.

மார்ச் 17

அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அடியைப் பிடிடா பாரதபட்டான்னு மறுபடி முதல்ல இருந்தா?" என்றார்.

கத்தோலிக்கக் கல்லூரி என்பதில் அவருக்கு மகிழ்ச்சிதான். தூத்துக்குடியில் லசால் பள்ளியில் படித்தவர். அதே லசால் சபை சகோதரர்களின் செயின்ட் மேரிஸ் கல்லூரி மொராகாவில் இருக்கிறது, சான் ஹோசேயில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரம். அங்கேயும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பெரிய நூல்களைப் பேசும் செமினார் உண்டு, வேறு கல்லூரியிலிருந்து வருகிறவர்களின் கிரெடிட்டையும் ஏற்கிறார்கள். "அங்க போயேன். ரெண்டு வருஷத்துல முடிச்சிரலாம், சனி ஞாயிறு வீட்டுக்கும் வந்துரலாம்" என்றார். நியாயமான பேச்சு. பட்டத்தைச் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்றிருந்தால் நானே அங்கேதான் போவேன்.

ஆனால் அங்கே மேஜர் ஒன்றை எடுத்தாக வேண்டும், செமினார் அதனோடு சேர்ந்து வரும் ஒரு பகுதிதான். எனக்கு முழுப் படிப்பும் அந்த மேசையிலேயே நடக்க வேண்டும். இதை அப்பாவுக்குச் சரியாகச் சொல்ல இன்னும் சொல் கிடைக்கவில்லை.

அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "படிச்சிட்டு வந்து என்ன வேலைக்குப் போவ?" அங்கே படித்தவர்கள் வழக்கறிஞராகவும் ஆசிரியராகவும் மருத்துவராகவும் குருக்களாகவும் போயிருக்கிறார்கள் என்று சொன்னேன். "அது அவங்க. நீ?" என்றார். எனக்கு இன்னும் பதில் இல்லை, இல்லை என்றே சொன்னேன்.

ஏப்ரல் 2

விண்ணப்பத்தில் கட்டுரைகள் கேட்கிறார்கள். முழு மனதோடு எழுத வேண்டிய கட்டுரைகள். இரண்டு வாரமாக ராத்திரி அதுதான் வேலை.

இன்று பணக் கணக்கு. டிரான்ஸ்ஃபர் யோசிக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பெல் கிராண்ட் என்ற மத்திய அரசு உதவித்தொகை வாழ்நாளில் மொத்தம் 12 செமஸ்டருக்குத்தான் கிடைக்கும். கல்லூரி மாறினாலும் பழைய கணக்கு நம் கூடவே வரும். நான் நான்கு செமஸ்டர் வாங்கிவிட்டேன். மீதி எட்டு, அதாவது சரியாக நான்கு வருடம். மூன்றாம் ஆண்டும் முடித்துவிட்டு இந்த யோசனை வந்திருந்தால் கடைசி வருடம் அந்தப் பணம் இருந்திருக்காது. இந்த உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் ஃபாஃப்சா படிவத்தில் புதிய கல்லூரியின் பெயரைச் சேர்த்தாயிற்று.

மே 11

இடம் கிடைத்துவிட்டது. உதவித்தொகை போக மீதிக்குக் கல்லூரியிலேயே வேலை தருகிறார்கள், வாரத்துக்கு 13 மணி நேரம். அப்பா கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "சரி, போயிட்டு வா" என்றார். அவர் மனது முழுசாகச் சம்மதித்துச் சொன்னதல்ல. ஆனால் சொன்னார். அது எனக்குப் பெரிய விஷயம்.

ஆகஸ்ட் 5

தூத்துக்குடியில் இன்று பனிமய மாதா திருவிழா. தாத்தா வீடியோ காலில் கோவிலைச் சுற்றியிருக்கும் கூட்டத்தைக் காட்டினார். லத்தீன் படிக்கப் போகிறேன் என்றதும் அவருக்கு முகமெல்லாம் பூரிப்பு. சின்ன வயதில் பூசைக்கு உதவியவர். 1960களில் பூசை தமிழுக்கு மாறும் வரை லத்தீனில் பதில் சொன்ன தலைமுறை. போனிலேயே கடகடவென்று ஒப்பித்துக் காட்டினார். ஒரு இடத்திலும் திக்கவில்லை.

எனக்கு இன்னொரு ஆசையும் இருக்கிறது. வீரமாமுனிவர் பேச்சுத் தமிழுக்கு லத்தீனில் ஒரு இலக்கணம் எழுதினார், 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. என்றைக்காவது அதை மூலத்திலேயே படிக்க வேண்டும்.

ஆகஸ்ட் 24

அப்பா ஓட்டிக்கொண்டு வந்தார். 101 நெடுஞ்சாலையில் தெற்கே வெஞ்சுரா வரை, அங்கிருந்து 126, கடைசியாக 150. சாண்டா பவுலாவைச் சுற்றி எலுமிச்சை, அவகாடோ தோப்புகள். அப்புறம் சாலை குறுகி மலைக்குள் போகிறது. கல்லூரிக்குப் பின்னால் லாஸ் பத்ரெஸ் தேசியக் காடு.

2017 டிசம்பர் 4 அன்று இந்தக் கல்லூரிக்குப் பக்கத்தில் பிடித்த தீயைத்தான் தாமஸ் தீ என்கிறார்கள், பெயரே இங்கிருந்து வந்ததுதான். 2,81,893 ஏக்கர் எரிந்தது. மாணவர்களை வெளியேற்றினார்கள், கட்டடங்கள் தப்பின. மலைச்சரிவைக் காட்டி அப்பா விசாரித்துக்கொண்டே இருந்தார். தீ வந்தால் எந்த வழியாக வெளியேற்றுவீர்கள் என்று விடுதிப் பொறுப்பாளரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் கிளம்பினார்.

ஆகஸ்ட் 26

தொடக்க விழா. முதலில் பரிசுத்த ஆவியின் திருப்பலி. தேவாலயம் 2009இல் அர்ச்சிக்கப்பட்டது, உள்ளே வெண்மையும் வெளிச்சமுமாக இருக்கிறது. பாடகர் குழு கிரகோரியன் இசையில் பாடியபோது தாத்தா இருந்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

பிறகு புது மாணவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்தார்கள். முன்னால் போய்க் கல்லூரிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு முன்னால் போன பெண்ணுக்குப் பதினெட்டு வயது. நான் அவளைவிட இரண்டு வயது பெரியவள். பதிவேட்டில் அதெல்லாம் தெரியாது, இந்த ஆண்டு சேர்ந்தவர்கள், அவ்வளவுதான்.

வகுப்பில் ஒருவரையொருவர் மிஸ்டர், மிஸ் என்று குடும்பப் பெயர் சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும். பெண்கள் பாவாடை, ஆண்கள் காலர் வைத்த சட்டை. எனக்கு இது பிடித்திருக்கிறது. எதிரில் இருப்பவர் சொன்னதை மறுக்கும்போது அந்த மரியாதை உதவுகிறது.

செப்டம்பர் 4

யூக்ளிடின் முதல் புத்தகம், முதல் தேற்றம். ஒரு கோட்டின் மேல் சமபக்க முக்கோணம் அமைக்க வேண்டும். என்னைத்தான் பலகைக்குக் கூப்பிட்டார்கள்.

கோட்டின் ஒரு முனையை மையமாக வைத்து ஒரு வட்டம், மறுமுனையில் இன்னொரு வட்டம். இரண்டும் வெட்டும் புள்ளியை இரு முனைகளோடும் சேர்த்தால் முக்கோணம். பள்ளியில் காம்பஸ் வைத்து எத்தனையோ தடவை போட்டதுதான். சொல்லி முடித்து உட்காரப் போனேன்.

மேசையிலிருந்து ஒருவர் கேட்டார்: "அந்த இரண்டு வட்டமும் வெட்டும் என்று எப்படித் தெரியும்?"

படத்தில் வெட்டுகிறதே என்றேன். "படத்தை வைத்து நிரூபிக்கலாமா?" என்றார் இன்னொருவர். நிரூபிக்காமல் ஏற்றுக்கொள்ளும் அடிகோள்களைத் திரும்பப் படித்தோம். கோடு வரையலாம் என்று இருக்கிறது, நீட்டலாம் என்று இருக்கிறது, வட்டம் போடலாம் என்று இருக்கிறது. இரண்டு வட்டம் சந்தித்தே தீரும் என்று எங்கேயும் இல்லை. யூக்ளிட் அதைச் சொல்லாமலே எடுத்துக்கொண்டுவிட்டார். அது குறையா, அல்லது அவ்வளவு வெளிப்படையானதைச் சொல்லத் தேவையில்லையா? வகுப்பு நேரம் முழுக்க இதுவே போனது. டியூட்டர் விடை சொல்லவில்லை, கேள்வியைக் கூர்மையாக்கிக்கொண்டே இருந்தார்.

வட்டம் வரையும் புரோகிராம் எழுதியிருக்கிறேன். இரண்டு வட்டம் வெட்டும் புள்ளியைக் கணக்கிடும் புரோகிராமும் எழுதியிருக்கிறேன். இந்தக் கேள்வி ஒரு நாளும் வந்ததில்லை. ராத்திரி அப்பாவிடம் போனில் அரை மணி நேரம் இதைத்தான் பேசினேன். அவரும் பேப்பர் எடுத்து வரைந்து பார்த்தார்.

செப்டம்பர் 19

ஹோமரின் இலியத் செமினார், ஏழாம் காண்டம். டிராய் வீரன் ஹெக்டர் கிரேக்கர்களைத் தனிச்சண்டைக்கு அழைக்கும்போது ஒன்று சொல்கிறான். நான் கொல்லும் வீரனுக்குக் கடற்கரையில் மண்மேடு எழுப்புங்கள், பிற்காலத்தில் கப்பலில் போகிற எவனாவது அதைப் பார்த்து, ஹெக்டர் கொன்ற வீரனின் மேடு இது என்று சொல்வான், என் புகழ் அழியாது என்கிறான்.

நடுகல் ஞாபகம் வந்தது. சங்கப் பாட்டில் விழுந்தவனுக்குத்தான் கல். அவன் பெயரையும் பெருமையையும் எழுதி மயிற்பீலி சூட்டுவார்கள். ஹெக்டர் சொல்லும் மேட்டிலோ செத்தவனுக்குப் பெயரே இல்லை, கொன்றவன் பெயர்தான் நிற்கிறது. இதைச் சொன்னேன். மேசை சூடுபிடித்துவிட்டது. புகழ் யாருக்குச் சொந்தம், அடுத்தவன் சமாதியில் ஒருவன் தன் பெயரைத் தேடலாமா என்று பேச்சு போனது. முடிந்த பிறகும் நான்கைந்து பேர் வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தோம்.

நான் படித்த தமிழ் இந்த மேசைக்கு வந்து வேலை செய்தது. கிரெடிட் தாளில் இல்லாததும் கூட வருகிறது.

அக்டோபர் 15

சோர்வு. சமையலறையில் பாத்திர வேலை, லத்தீன் வேற்றுமை உருபுகள், மறுநாள் பலகைக்குக் கூப்பிடுவார்களோ என்று யூக்ளிட். பழைய வகுப்புத் தோழி அடுத்த கோடைக்குப் பெரிய கம்பெனியில் இன்டர்ன்ஷிப் கிடைத்ததாகச் செய்தி அனுப்பியிருந்தாள். சந்தோஷப்பட்டேன், கூடவே வயிற்றில் ஒரு கனம். நான் அங்கேயே இருந்திருந்தால் மூன்றாம் ஆண்டு.

நல்லது ஒன்று. இயற்கை அறிவியலில் ஃபாபர் படிக்கிறோம். பூச்சிகளை வெயிலில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பார்த்தே எழுதிய மனிதர். குளவி புழுவைக் கொல்லாமல், அசையவிடாமல் மட்டும் கொட்டித் தன் குஞ்சுக்கு உணவாக வைப்பதை எவ்வளவு பொறுமையாகப் பார்த்திருக்கிறார்! ஆய்வகம் என்றால் கருவிதான் என்று இருந்த எனக்குக் கண் போதும் என்கிறார்.

நவம்பர் 13

டான் ராக்ஸ். நமக்குப் பாடம் எடுக்கும் டியூட்டர்கள் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து, நம்மை எதிரில் வைத்துக்கொண்டே நாம் எப்படிப் படிக்கிறோம் என்று ஒவ்வொருவராகச் சொல்வார்கள். பத்து நிமிஷம்கூட ஆகாது. உள்ளே போகும்போது கை சில்லிட்டிருந்தது.

கணித டியூட்டர், நிரூபணங்களைத் தெளிவாகச் செய்வதாகச் சொன்னார். லத்தீன் போதாது என்றார்கள், உண்மை. செமினார் டியூட்டர் சொன்னதுதான் மனதில் நிற்கிறது: நன்றாகப் பேசுகிறார், இனி மற்றவர்கள் பேச்சை வளர்க்கவும் கேள்வி கேட்க வேண்டும். மதிப்பெண் பட்டியலில் இப்படி ஒரு வரியை நான் பார்த்ததே இல்லை.

டிசம்பர் 21

வீட்டில். சாப்பிட்டு முடித்ததும் அப்பா மேசையைத் துடைத்துவிட்டு, "பைத்தாகரஸ் போடு பார்ப்போம்" என்றார்.

முதல் புத்தகத்தில் மொத்தம் 48 தேற்றங்கள், பைத்தாகரஸ் 47ஆவது. மூன்று பக்கத்திலும் சதுரம் வரைந்து, செங்கோணத்திலிருந்து கோடு இறக்கி, பெரிய சதுரத்தின் ஒவ்வொரு பாகமும் ஒவ்வொரு சின்னச் சதுரத்துக்குச் சமம் என்று காட்டினேன். அப்பா நடுவில் நிறுத்தினார். "இவ்வளவு சுத்து எதுக்கு? வடிவொத்த முக்கோணம் வச்சு நாலு வரியில முடியும். பத்தாம் வகுப்புல அப்படித்தான் படிச்சோம்."

"அது விகிதம்ப்பா. விகிதம் ஐந்தாம் புத்தகத்துலதான் வருது. வடிவொத்த முக்கோணம் ஆறாவதுல. நாம இப்ப முதல் புத்தகத்துல நிக்கிறோம், அதை இங்க எடுக்க முடியாது."

"அப்ப, இன்னும் கையில வராததை வச்சு நிரூபிக்கக் கூடாது?"

"கூடாதுப்பா."

பேப்பரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு முதல் கோட்டிலிருந்து விரலை ஓட்டிப் பார்த்தார். ஒரு படியில் நின்று, இது எந்தத் தேற்றம் என்று கேட்டார். நான்காவது, என்றேன். அதைக் காட்டு என்றார். காட்டினேன். அம்மா வந்து மணி பதினொன்று என்று சொன்னார்.

"ஆறாம் புத்தகம் வந்ததும் போன் போடு" என்றார் அப்பா. "என் நாலு வரியை அங்க வச்சுப் பார்க்கணும்."