இரண்டு தொகுப்பாளர்கள் இருந்த சீசன்

தூக்கம் வராமல் அமெரிக்கன் ஐடல் டிவி பாட்டுப் போட்டியின் முதல் சீசன் துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரிட்டனின் பாப் ஐடலைப் பார்த்து எடுத்தது. 2002 ஜூனில் ஃபாக்ஸ் சேனலில் தொடங்கி செப்டம்பர் 4-ல் முடிந்தது.

மேடையில் இரண்டு தொகுப்பாளர்கள்! ரயன் சீக்ரெஸ்ட் சரி, கூட நின்ற பிரையன் டங்கிள்மன் அடுத்த சீசனில் இல்லை. பாவம். நடுவர் சைமன் கோவெல் அப்போதே அதே முறைப்புதான்.

போட்டியாளர் ஜஸ்டின் குவாரினிக்கு அந்தச் சுருட்டை முடிக்காகவே பாதி ஓட்டு விழுந்திருக்கும். ஆனால் டெக்சஸ் பெண் கெல்லி கிளார்க்சன் வாயைத் திறந்ததும் அப்புறம் என்ன போட்டி? ஜெயித்த கையோடு வந்த பாட்டு அமெரிக்காவின் பில்போர்டு ஹிட் பாட்டுப் பட்டியலில் 52-ஆம் இடத்திலிருந்து ஒரே தாவலில் முதலிடம்.

அழுதுகொண்டே அவர் பாடிய அந்தக் கடைசிப் பாட்டை மட்டும் மூன்று தடவை பார்த்தேன். மணி இரண்டரை. காலையில் ஆபீஸ் வேறு.